சின்னப் பாளையத்துக்குப் படை அமைப்பது எப்படி?

பெங்களூரில் அல்சூரிலோ கோரமங்களாவிலோ வாரக் கடைசியில் டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு) ஆட உட்காரும் புது கேம் மாஸ்டர்கள் (கதையை நடத்துகிறவர்கள்) பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். வரைபடத்தில் குட்டியாக ஒரு பாரன் (அரசனுக்குக் கீழே இருக்கும் சின்னப் பிரபு) நாட்டை வரைந்துவிட்டு, அதற்கு 2,000 வீரர்களைக் கொடுத்துவிடுகிறார்கள். அத்தனை பேருக்கு யார் சோறு போடுவது?

பாரன் என்றதும் ஐரோப்பாவுக்கு ஓட வேண்டாம். 1537-ல் பெங்களூரில் மண்கோட்டை கட்டிய கெம்பேகௌடா, விஜயநகரப் பேரரசுக்குக் கட்டுப்பட்ட எலஹங்காத் தலைவர்தான். நம்ம ஊர்ப் பாளையக்காரர் மாதிரி. மேலே ஒரு அரசன், கீழே சில ஊர்கள், நடுவில் ஒரு கோட்டை. இந்த அளவை மனதில் வையுங்கள்.

1. ஊரை எண்ணுங்கள். 12 ஊர், ஊருக்கு 250 பேர் என்றால் மொத்தம் 3,000. வீட்டுக்கு 5 பேர் என்று வைத்தால் 600 வீடு. நூற்றுக்கு ஒருவர் நிரந்தரப் படை, அதாவது 30 பேர். கூப்பிட்டால் வருகிறவர்கள் 5 வீட்டுக்கு ஒருவர், ஆக 120. இதற்கு மேல் இழுத்தால் உழ ஆள் இருக்காது.

2. முப்பதைப் பிரியுங்கள். குதிரைவீரர் 6, வில்லாளி 8, கோட்டைக் காவல் 16. காவலுக்கு 16 அதிகம் என்று தோன்றும். வாசலில் இருவர், கோபுரத்தில் ஒருவர், ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றினாலே 9 பேர் போய்விடுவார்கள். காய்ச்சலில் படுத்தவர், வரிப்பணத்துக்குத் துணை போனவர், லீவில் இருப்பவர் எல்லாம் மீதி 7-ல் வர வேண்டும். ராத்திரி வாசலில் தூங்கி வழிகிற ஒரே காவலாளி வேண்டுமா? இதில் நாலு பேரைக் குறைத்துப் பாருங்கள், தானாகவே கிடைப்பான்.

3. தலைமை. பாளையக்காரருக்கு அடுத்து ஒரு தளவாய், அதாவது படைத்தலைவர். கூப்பிட்டு வரும் படையில் ஊருக்குப் பத்துப் பேர், பத்துக்கு ஒரு தலைவன், அவனும் அதே ஊர்க்காரன். மாமன் மச்சான் பக்கத்தில் நிற்பதால் சட்டென்று ஓட மாட்டார்கள். ஆனால் அந்தப் பத்தும் ஒரே நாளில் விழுந்தால் ஓர் ஊரே விதவையாகிவிடும். கதைக்கு இதைவிடக் கனமான விஷயம் கிடைக்காது.

4. தானியக் கணக்கு. இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ ராகி என்றால் 150 கிலோ. குதிரைவீரருக்கு இரண்டு குதிரை வீதம் 12 குதிரை, ஒவ்வொன்றுக்கும் 4 கிலோ தானியம், 48 கிலோ. ஆக நாளைக்குச் சுமார் 200 கிலோ. மாட்டுவண்டி 500 கிலோ தாங்கும் என்று வைத்தால் பத்து நாளுக்கு 4 வண்டி. மாடுகளுக்கு வழியில் மேய்ச்சல் வேண்டும், வறண்ட காட்டில் அதுவும் கிடைக்காது. வண்டி நாளைக்கு 15 கிலோமீட்டர்தான் போகும். ஐந்து நாள் போய் ஐந்து நாள் திரும்பினால் எட்டும் தூரம் 75 கிலோமீட்டர், கிட்டத்தட்ட பெங்களூரிலிருந்து கோலார் வரை. அங்கே சண்டை போட ஒரு நாள்கூட மிச்சமில்லை. இன்னும் தூரம் போக வேண்டுமென்றால் வழியில் களஞ்சியம் வையுங்கள், இல்லை கொள்ளையடிக்க விடுங்கள். கொள்ளையடித்தால் அந்த ஊர்கள் அடுத்த வருஷம் யார் பக்கம் நிற்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

5. காலம். மத்தியகால ஐரோப்பாவில் நிலம் பெற்றவர் வருஷத்துக்கு 40 நாள் போர்ச்சேவை செய்வது பரவலான வழக்கம். உங்கள் நாட்டிலும் ஒரு கெடு வையுங்கள். அறுப்பு நேரத்தில் கூப்பிட்டால் 120-ல் பாதி வராது, வந்தவனும் ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குப் போய்விடுவான்.

6. சோதனை. 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரில் கொள்ளைக்கூட்டம் புகுந்ததாக வையுங்கள். சேதி கோட்டைக்கு வர ஒரு மணி நேரம். குதிரை பூட்டி ஆறு பேர் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி. பன்னிரண்டு ஊருக்கும் ஆள் அனுப்பி 120 பேரும் கூட மறுநாள் மதியம் ஆகிவிடும். அதுவரை அந்த ஊரில் நிற்பது அந்த ஆறு பேரும் உங்கள் ஆட்டக்காரர்களும்தான்.