மெக்சிகோவில் படமெடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கு

வகுப்பில் காட்டுவதற்காகப் படமெடுக்கிறீர்களா? பிரமிடுகளுக்கு முன் நின்று எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, ஒரு கைத்தொழிலை முதலிலிருந்து முடிவுவரை எடுங்கள். வஹாக்கா நகரத்துக்கு அருகே தியோதித்லான் தெல் வாயே ஊரில் கம்பளம் நெய்கிறார்கள். சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கினால், கம்பள நூலுக்கு ஏற்றும் கருஞ்சிவப்புச் சாயம் வரும். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் அதுவே ஆரஞ்சை நோக்கி மாறும். அந்த உள்ளங்கையை நெருங்கி மூன்று படம் எடுத்தால் போதும், அமிலம் பற்றிய பாடம் தயார்! நெசவாளரிடம் அனுமதி கேட்டபிறகே கேமராவைத் தூக்குங்கள். சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சமூலா ஊரின் தேவாலயத்துக்குள் படமெடுக்கவே கூடாது. தரையில் பரப்பிய பைன் இலைகளையும் எரியும் மெழுகுவர்த்திகளையும் கண்ணாரப் பார்த்து, வெளியே வந்ததும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.