சுழற்சிப் பொருளாதாரம்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளைப் பயன்படுத்தித் தூக்கியெறியாமல் முடிந்தவரை திரும்பத் திரும்பப் புழக்கத்தில் வைத்திருக்கும் சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாற முடிவெடுக்கும் நிறுவனமானாலும் சரி, குடியிருப்போர் சங்கமானாலும் சரி, பெரும்பாலும் முதலில் வாங்குவது வண்ண வண்ணக் குப்பைத் தொட்டிகளைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. தேவையைக் குறைத்தல், பழுதுபார்த்தல், மறுபடி பயன்படுத்துதல் ஆகிய எதற்கும் இடமில்லாதபோது கைக்கொள்ள வேண்டிய வழியே மறுசுழற்சி. 1950 முதல் 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சிக்குச் சென்றது என்பதை நினைவில் கொண்டால், தொட்டியை மட்டும் நம்பித் திட்டம் தீட்டுவது எவ்வளவு பலவீனமானது என்பது விளங்கும்.

பொருளை வடிவமைக்கும் மேசையில் நேரும் பிழையைப் பின்னால் எவ்வளவு உழைத்தாலும் திருத்துவது கடினம். தண்ணீர் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். பாட்டில் பெட் பிளாஸ்டிக்கால் ஆனது. மூடி பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. இரண்டையும் துண்டு துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், பெட் மூழ்கும் என்பதால் பிரிப்பது எளிது. ஆனால் அதே பாட்டிலில் பி.வி.சி. உறை சுற்றப்பட்டிருந்தால், இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் உறையும் சேர்ந்தே மூழ்குகிறது. பெட் உருகும் வெப்பத்தில் பி.வி.சி. சிதைந்து அமிலத்தை வெளியிட்டு, நல்ல பிளாஸ்டிக்கையும் கெடுக்கிறது. உறைக்கு எந்தப் பொருள் என்று முடிவு செய்தவர் மறுசுழற்சி ஆலையில் ஒருமுறை விசாரித்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

மறுபயன்பாட்டுக் கலன்களை அறிமுகப்படுத்துவோர் அவை திரும்பி வரும் வழியை யோசிப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் 90 விழுக்காடு கலன்கள் திரும்பினால் ஒரு கலன் சராசரியாக 10 முறை பயன்படும். பாதிதான் திரும்புகிறது என்றால் 2 முறையோடு அதன் வாழ்வு முடிந்துவிடும். கனமான கலனைச் செய்யச் செலவான மூலப்பொருளும் ஆற்றலும் அப்போது வீண். கலனைத் தந்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணம், அருகிலேயே திருப்பித் தரும் இடம், கழுவும் வசதி ஆகியவற்றை உறுதிசெய்த பிறகே கலனை வாங்க வேண்டும்.

‘மக்கும்’ என்ற முத்திரையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தாவர மாவுப்பொருளிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் போன்றவை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவும் உரமாக்கும் ஆலையில்தான் விரைவாக மக்கும். வீட்டு உரக்குழியில் நெடுநாள் அப்படியே கிடக்கும்.

சமூக அளவில் மிகவும் வேதனை தருவது, வீடுகளில் பிரித்துக் கொடுத்த குப்பையை ஒரே வண்டியில் கலந்து கொட்டுவது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறுநாள் முதல் பிரிப்பதையே விட்டுவிடுவார்கள். இழந்த நம்பிக்கையை எந்தத் துண்டுப்பிரசுரத்தாலும் மீட்க முடியாது. அதேபோல, பல்லாண்டுகளாகக் கழிவைத் தரம் பிரித்து வாழ்பவர்களை ஒதுக்கிவிட்டுப் புது ஒப்பந்தம் போடுவது அநீதி மட்டுமல்ல, அவர்களது கைத்திறனையும் சேர்த்து இழப்பதாகும்.

எல்லாவற்றையும் ஒரே பெருந்திட்டத்தில் முடிக்க முனைவதும் சறுக்கலே. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரில் ஒரு தொழிற்சாலையின் மிச்சம் இன்னொன்றின் மூலப்பொருளாகும் வலைப்பின்னல் 1972 முதல், இருதரப்புக்கும் ஆதாயம் தந்த தனித்தனி ஒப்பந்தங்களாகவே படிப்படியாக வளர்ந்தது.

அளவீட்டிலும் எச்சரிக்கை தேவை. மறுசுழற்சிக்கு அனுப்பிய எடை கூடினால், கழிவே கூடியிருக்கலாம். ஆகவே ஆண்டறிக்கையில் புதிதாக வாங்கிய மூலப்பொருளின் அளவும், விற்ற பொருள் எத்தனை ஆண்டுகள் உழைக்கிறது என்பதும் முதலில் இடம்பெற வேண்டும்.