ஐரோப்பாவில் குழாயைத் திறக்கும் முன் ஒரு நிமிடம்

இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் போகிறீர்களா? குளியலறைக் குழாயில் 'சி' என்ற எழுத்து இருந்தால், ஆங்கில வழக்கப்படி அது பச்சைத் தண்ணீர் என்று நினைத்துக் கையை நீட்டிவிடாதீர்கள், வருவது கொதிக்கிற வெந்நீராக இருக்கலாம், குழந்தைகள் கூட இருந்தால் இன்னும் கவனம். 'சூடான' என்ற பொருளுள்ள காலிதுஸ் என்ற லத்தீன் சொல்தான் இத்தாலியனில் கால்தோ, பிரெஞ்சில் ஷோ என்று மாறியது, இரண்டுக்கும் முதல் எழுத்து 'சி'தான். ஸ்பானியத்தின் காலியென்தேவும் அதே வேரில் பிறந்தது, நாம் எண்ணிக்கொண்டே சாப்பிடுகிற கலோரியும் அந்தக் குடும்பம்தான்! குளிர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'கோல்டு', ஜெர்மனின் 'கால்ட்' இரண்டுக்கும் இந்த லத்தீன் சொல்லோடு உறவில்லை, ஒலி மட்டும்தான் ஒற்றுமை.

சரி, குளிர்ந்த நீருக்கு? 'எஃப்'. லத்தீன் ஃப்ரீகிதுஸிலிருந்து வந்த ஃப்ரெத்தோ, ஃப்ருவா, ஃப்ரியோ. நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் அதே வேர். போர்ச்சுகலில் மட்டும் வெந்நீருக்கு 'க்யூ' என்று இருக்கும், கென்தே என்ற சொல்லின் முதல் எழுத்து.

அப்புறம், இத்தாலியனில் கற்ற கால்தோவை ஸ்பெயின் உணவகத்தில் சொன்னால் 'சூடாக' என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள், சூப்பு மாதிரி ஒரு சாறுதான் வரும். அங்கே அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.