திருகோணமலையிலிருந்து அரச சட்டவாதியாக விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் பலர் அரச சட்டவாதியாக வர வேண்டும் என்று சொல்வதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அப்பணியைப் பற்றிய அவர்களது எண்ணம் பெரும்பாலும் நீதவான் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து வந்ததாக உள்ளது. அங்கே பல வழக்குகளை நெறிப்படுத்துபவர் பொலிஸ் உத்தியோகத்தரே. கொலை, பாலியல் வன்புணர்வு போன்ற பாரதூரமான குற்றங்களுக்கு, அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பின், அவர் சார்பில் அரச சட்டவாதி முன்னிலையாவதைக் காண மேல் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும்.

சொந்த ஊரிலேயே இருந்துவிடலாம் என்று கணக்குப் போடுவதும் தவறு. சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தவர்களே இப்பதவிக்குத் தகுதி பெறுகிறார்கள். நியமனம் கொழும்பு புதுக்கடையில் தலைமையகம் கொண்ட சட்டமா அதிபர் திணைக்களத்துக்கானது. தமிழர் இத்துறையில் உயர முடியாது என்று முன்கூட்டியே ஒதுங்குவோரும் உண்டு. சிவா பசுபதி 1975 முதல் 1988 வரை சட்டமா அதிபராகவே இருந்தார்.

மொழியை அலட்சியம் செய்வதையே நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். தமிழில் வழக்கு நடக்கும் நீதிமன்றத்துக்குத் தமிழ் போதும் என்று நினைப்போர், வழக்கேட்டைத் திறந்ததும் தடுமாறுவர். எடுத்துக்காட்டாக, மூதூர் மீனவர் ஒருவர் சம்பவம் 'மம்மல் நேரத்தில்', அதாவது முழுதாக இருட்டாத அந்திப் பொழுதில், நடந்ததாகப் பொலிஸாரிடம் சொல்ல, சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அது 'இரவு' என்று பதிவாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளின் பின் சாட்சிக்கூண்டில் நின்று அவர் மீண்டும் மம்மல் நேரம் என்றே சொல்வார்; எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) தரப்புச் சட்டத்தரணியோ, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110(3)ஆம் பிரிவின் கீழ் அந்த வாக்குமூலத்தை முரண்பாடாகக் காட்டுவார். இருட்டில் முகத்தை எப்படி அடையாளம் கண்டீர் என்ற கேள்வியும் உடனே வரும். அவர் பொய் சொல்லவில்லை, மொழிபெயர்ப்புப் பிசகிவிட்டது. சிங்கள வாக்குமூலத்தைத் தானே படித்து, வழக்குக்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கத் தெரியாத அரச சட்டவாதி, உண்மையான ஒரு சாட்சியை இழக்கிறார். ஆங்கிலமும் அவ்வாறே: மேன்முறையீட்டுத் தீர்ப்புகளில் பெரும்பகுதி அம்மொழியிலேயே உள்ளது.

எதிரிக்குத் தண்டனை வாங்கிக் கொடுப்பதே கடமை என்று எண்ணுவோர் பொலிஸாரின் கோப்பை அப்படியே நம்பிவிடுகிறார்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுக்கப்பட்ட குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில் சான்றாகாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறுவதால், அதை மட்டும் மலைபோல் நம்பிய வழக்கு நிற்காது. எதிரிக்குச் சாதகமான சான்று கையில் இருந்தால் அதை மறைக்கவும் கூடாது.

சாட்சியை வழக்கு நாளன்று நீதிமன்ற வராந்தாவில் முதன்முறையாகச் சந்திப்பதையும் தவிர்க்க வேண்டும். மிரட்டலுக்கு அஞ்சுபவருக்குச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளை அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லி, பழைய வாக்குமூலத்தை வரிவரியாக அவருடன் இருந்து பார்ப்பதற்கு ஒரு பிற்பகலையேனும் ஒதுக்க வேண்டும்.