அடுத்த இலக்குக்கு முதலில் போக வேண்டியது கண்

டைனமிக் ஷூட்டிங், அதாவது பல இலக்குகளை நேரத்தோடு போட்டிபோட்டுச் சுடும் விளையாட்டைப் பழகுகிறவர்கள் பலருக்கும், ஒவ்வொரு குண்டின் நேரத்தையும் பதியும் ஷாட் டைமர் ஒரே கதையைத்தான் சொல்லும். ஒரே இலக்கில் சுடும் இரண்டு குண்டுகளுக்கு இடையே நேரம் நன்றாக இருக்கும்; அடுத்த இலக்குக்குத் திரும்பும்போதுதான் நொடிகள் ஒழுகும். உடனே கையை இன்னும் வேகமாகத் திருப்பப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் கையில் இல்லை, கண்ணில்.

துப்பாக்கிமேல் உள்ள குறிக்கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியான ரெட் டாட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டே துப்பாக்கியைப் பக்கவாட்டில் இழுத்துப் போவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது கண் நொடிக்குச் சில நூறு டிகிரி வேகத்தில் போகும். நகரும் பொருளைத் தொடரும்போது அந்த வேகம் வராது. டாட்டைத் தொடர்ந்தால் கண்ணைத் துப்பாக்கியின் வேகத்துக்குக் கட்டிப்போட்டதாகிவிடும். போதாததற்கு, எங்கே நிறுத்துவது என்று கைக்கும் தெரியாது. துப்பாக்கி இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். கண் முன்கூட்டியே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டால், துப்பாக்கி தானாக அங்கே வந்து நிற்கும்.

ஓரிடம் என்றால் உண்மையிலேயே ஒரு புள்ளி. இலக்கு அட்டை முழுவதையும் பழுப்பாக ஒரு மொத்தையாகப் பார்த்தால் குண்டும் மொத்தையாகத்தான் விழும். இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஐ.பி.எஸ்.சி.-யின் அட்டையில் மதிப்பெண் கோடுகள் 10 மீட்டருக்கு அப்பால் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதிகப் புள்ளி தரும் ஏ பகுதியின் நடுவை நாமே மனத்தில் குறித்து, அங்கே பார்வையைக் குத்த வேண்டும்.

இதைக் கற்றுக்கொண்ட ஆர்வத்தில் எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. நானும் சாய்ந்திருக்கிறேன். இரண்டாவது குண்டு கிளம்பும் முன்பே கண் அடுத்த அட்டைக்கு ஓடிவிடும், துப்பாக்கியும் கூடவே இழுபடும், குண்டு புள்ளி குறைந்த சி-யிலோ டி-யிலோ விழும். கணக்குப் போட்டால் வலி தெரியும். மூன்று அட்டைகள், ஆறு குண்டுகள், எல்லாம் ஏ (குண்டுக்கு 5 புள்ளி), 3.0 நொடி: 30 புள்ளி, ஹிட் ஃபேக்டர் (புள்ளியை நொடியால் வகுத்தது) 10. அவசரத்தில் 0.2 நொடி மிச்சப்படுத்தி, மைனரில் (சக்தி குறைந்த குண்டு வகை, சி-க்கு 3 புள்ளி) இரண்டு குண்டு சி-க்குப் போனால் 26 புள்ளி, 2.8 நொடி: 9.29. வேகமாகச் சுட்டும் நஷ்டம். குண்டு கிளம்பும் கணத்தில் டாட் எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் கண் கிளம்ப வேண்டும். அட்டையில் துளை விழுந்ததா என்று தேடி நிற்பது வேறு. அது வெறும் தாமதம்.

ஒரு கண்ணை மூடிக்கொள்வதும் வேண்டாம், அந்தப் பக்கத்து அட்டை தாமதமாகத்தான் தெரியும்.

குண்டில்லாமல் பழகும் டிரை ஃபயரில் இதைச் சரிசெய்யலாம். துப்பாக்கி காலி, பழகும் அறையில் எங்கும் ஒரு குண்டும் இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, ரெட் டாட்டின் முன்பக்கக் கண்ணாடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள். சுவரில் சில அடி இடைவெளியில் இரண்டு சிறு புள்ளிகள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, முதல் புள்ளியில் டிரிகரை அழுத்துங்கள், கண்ணை மட்டும் அடுத்த புள்ளிக்கு அனுப்புங்கள், பிறகு துப்பாக்கியைக் கொண்டுபோங்கள். பார்வை இலக்கில் இருந்தால் டாட் அந்தப் புள்ளிமேல் மிதக்கும். கண் டாட்டுக்குத் திரும்பிய மறுகணம் டேப்தான் தெரியும். முதல் சில நாள் டேப்பே அதிகம் தெரியும். தோள் இறுகியிருந்தால் டாட் புள்ளியைத் தாண்டி ஓடுவதும் இங்கேயே தெரிந்துவிடும்.