குடும்ப வரலாறு கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குபவர்களில் பலர் முதலில் வம்ச மரம் வரையும் செயலி ஒன்றைத்தான் திறக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் வரும். அந்தக் கட்டங்களை நிரப்புவதற்காக வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருகிறார்கள். "உங்க அப்பா எந்த வருஷம் பிறந்தார்? கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேள்விகள் தொடரும். கொஞ்ச நேரத்தில் பெரியவர் களைத்துப்போவார். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

முதல் தவறு இதுதான். பின்னால் வரும் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. விண்ணப்பப் படிவத்தைப் போலக் கேட்டால் விண்ணப்பப் படிவத்துக்கான பதில்தான் கிடைக்கும். குடும்ப வரலாறு அரட்டையில்தான் வெளிவருகிறது. அந்த அரட்டைக்கு நான் பார்த்தவரை மிக நல்ல வாசல்கள் இரண்டு: தொலைக்காட்சி, தோட்டம்.

"வீட்டுக்கு டிவி வருவதற்கு முன்னால் எங்கே போய்ப் பார்ப்பீர்கள் பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். யார் வீட்டில், யாரோடு, எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள், யார் திட்டினார்கள், எந்த நிகழ்ச்சிக்காக வேலையைச் சீக்கிரம் முடித்தார்கள் என்று பேச்சு தானாக ஓடும். கேட்பதற்குச் சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் அந்தப் பதிலுக்குள் அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் வெளியூரில் இருந்தார்கள், பணம் யார் கையில் இருந்தது, யாருக்கு யார் பயந்தார்கள் என்பதெல்லாம் வந்துவிடும். பதிவேட்டில் இவற்றில் ஒன்றும் இருக்காது.

தோட்டமும் அப்படித்தான். "இந்தச் செடி எங்கேயிருந்து வந்தது?" என்றால் யாரோ ஒரு பெரியம்மாவின் பெயர் வரும். அவர் கொடுத்த குச்சி, அவருடைய வீடு, பிறகு அந்த வீட்டை விற்ற கதை என்று நீளும். பெண்கள் வழி உறவுகளைப் பிடிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. நிலப் பத்திரத்திலும் வேலைப் பதிவிலும் ஆண்களின் பெயர்களே நிறைந்திருக்க, பாட்டியின் தங்கையைப் பற்றிய ஒரே தடயம் ஒரு பூச்செடியாக இருக்கலாம்.

எந்த வயதைப் பற்றிக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். நடுவயதைக் கடந்தவர்களுக்குத் தங்கள் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் மற்றக் காலத்தைவிட அதிகமாகத் தங்கியிருக்கும் என்பதை நினைவாற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த வயதில் அவர்கள் பார்த்த நிகழ்ச்சி, வளர்த்த செடி, நடந்துபோன பாதை பற்றி முதலில் கேளுங்கள். வருடக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிவியில் பார்த்த ஞாபகத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது

தொலைக்காட்சியை வாசலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன நானே இந்த எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சைத் தொடங்க டிவி நினைவு அருமையானது. தேதியை நிரூபிக்க அது போதாது.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் மறுநாள் காலையிலேயே, அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று மாணவர்களை எழுதித் தரச் சொன்னார். இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலான பிறகு அவரும் நிக்கோல் ஹார்ஷும் அதே மாணவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். பலருடைய பதில் மாறியிருந்தது. முதலில் வேறு வழியில் கேள்விப்பட்டதாக எழுதியிருந்த சிலர், இப்போது டிவியில்தான் முதலில் பார்த்ததாகச் சொன்னார்கள். அதையும் உறுதியாகவே சொன்னார்கள். திரையில் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி, முதலில் கேள்விப்பட்ட தருணத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வதில்லை. நினைவு இயங்கும் விதமே அதுதான். அதனால் "நான் அதை நேரில் பார்த்தேன்" என்று அவர்கள் சொல்லும்போது சந்தேக முகம் காட்டாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். யார், என்று, என்ன சொன்னார் என்று எழுதிவையுங்கள். சரிபார்ப்பது வேறு நாள் வேலை.

வருடத்தை நெருங்க வேண்டுமானால் நிகழ்ச்சிகளை முன், பின் என்று கேட்பதற்குப் பயன்படுத்துங்கள். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலையில். "நிலாவில் இறங்கின செய்தி வந்தபோது தம்பி பிறந்துவிட்டாரா, கைக்குழந்தையா, நடந்தாரா?" என்று கேட்டால், "எந்த வருஷம் பிறந்தார்" என்ற கேள்விக்குக் கிடைக்காத பதில் கிடைக்கும். தொடர்களை அடையாளமாக வைப்பதில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. புகழ்பெற்ற தொடர்கள் மறுஒளிபரப்பாகும். பெரியவர் பார்த்தது முதல் ஒளிபரப்பா, பத்து வருடம் கழித்து வந்ததா என்பது தெரியாமல் வருடம் குறித்தால் கணக்கு மொத்தமாகச் சாயும்.

கேள்விக்குள்ளேயே பதிலை வைப்பது

"தாத்தா ரொம்பக் கோபக்காரர்தானே?" இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்பதைத் தவிர வேறு பதில் வருவது கஷ்டம். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் கார் விபத்துக் குறும்படங்களைக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் போயின என்று கேட்டார்கள். "முட்டியபோது" என்ற பொருளில் கேட்கப்பட்டவர்களைவிட, "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் வகையினரைவிட இந்த இரண்டாம் வகையினரில் அதிகம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

ஒரு சொல்லுக்கே இவ்வளவு வலு இருக்கிறது என்றால், நாம் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கும் குடும்பக் கதையை உள்ளே வைத்துக் கேட்கும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே எடுத்துக் கொடுப்பதுதான் இங்கே பெரிய கெடுதல். வயதானவர்களுக்குப் பதிலைத் தேடி எடுக்க நேரம் பிடிக்கும். அவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் வேறு கேள்வி கேட்டுவிட்டால், வந்துகொண்டிருந்த நினைவு திரும்பிப் போய்விடும்.

நடுவில் திருத்துவதும் வேண்டாம். "இல்லையே, போன தடவை பெரிய மாமா என்று சொன்னீர்களே" என்று ஒருமுறை குறுக்கிட்டால் போதும், அதன்பிறகு அவர் கதை சொல்ல மாட்டார், தேர்வு எழுதுவார். இரண்டு வடிவங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பதே சில சமயம் நல்ல செய்தியாக இருக்கும்.

இன்னொன்று, எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துக் கேட்பது. கலகலப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் யார் குரல் பெரியதோ அவருடைய கதையே எல்லாருடைய கதையும் ஆகிவிடும். அமைதியாக இருக்கும் சித்திக்கு வேறு விதமாக ஞாபகம் இருந்தாலும், அக்கா சொன்னபிறகு தன் நினைவையே சந்தேகிப்பார். தனித்தனியாகக் கேட்டு முடித்துவிட்டு, பிறகு கூட்டமாக உட்காருங்கள்.

செடியின் வம்சத்தைக் குழப்பிக்கொள்வது

தோட்டப் பேச்சு வரும்போது "இது கொள்ளுப்பாட்டி வைத்த செடி" என்ற வாக்கியம் அடிக்கடி வரும். அதை அப்படியே எழுதிக்கொள்வதற்கு முன், எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள்: குச்சி ஒடித்து நட்டதா, பதியம் போட்டதா, ஒட்டுக் கட்டியதா, விதையிலிருந்து வந்ததா?

குச்சியிலும் பதியத்திலும் வந்தது மரபணு ரீதியில் தாய்ச்செடியேதான். கொள்ளுப்பாட்டி தொட்ட ரோஜாவின் குச்சி நான்கு வீடுகள் மாறி உங்கள் தொட்டிக்கு வந்திருந்தால், உங்களிடம் இருப்பது அதே ரோஜா. ஒட்டுச்செடியில் மேலே இருக்கும் பகுதி மட்டும்தான் பழைய மரம், அடியில் இருக்கும் வேர் வேறொன்று. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிரை வெட்டாமல் விட்டால் நாளடைவில் அந்த வேர்ச்செடியே ஓங்கி, குடும்பச் செடி மறைந்துபோகும்.

விதை விஷயம் வேறு. தக்காளி, பீன்ஸ் போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால், கலப்பினமாக இல்லாதவரை, விதை எடுத்துப் போட்டால் ஏறக்குறைய அதே குணத்தோடு வரும். பூசணிக்குத் தேனீ வேண்டும். பக்கத்தில் அதே இனத்தின் வேறு ரகம் இருந்தால் விதை கலந்துவிடும். ஆப்பிள் விதை முளைத்தால் தாய் மரத்தின் பழம் வராது. ஆகவே குடும்பத்தில் வழிவழியாக வரும் மரம் பட்டுப்போவதற்கு முன் கிளை எடுத்து ஒட்டுக் கட்டுங்கள். "பழத்தைச் சாப்பிட்டுக் கொட்டையை நட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டு இழந்த மரங்கள் ஏராளம்.

செடியின் பெயரை மட்டும் எழுதி வைப்பதும் போதாது. ஒரே பெயரில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு செடிகளைச் சொல்வார்கள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பேரினம், சிற்றினம் என்ற இரட்டைப் பெயர் முறையைச் செடிகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பயன்படுத்தியதன் பயனும் இங்கேதான். இலை, பூ, காய் மூன்றையும் படமெடுத்து, தாவரவியல் பெயர் தெரிந்தால் அதையும் பெரியவர் சொன்ன பெயரோடு சேர்த்து வையுங்கள்.

திரையில் பார்த்த வேகத்தை எதிர்பார்ப்பது

குடும்ப வேர்களைத் தேடும் நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டுத் தொடங்குபவர்கள் நிறைய. பிபிசியில் 2004 முதல் வரும் 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?' அந்த வகையில் பெயர் பெற்றது. பிரபலம் ஒருவர் ஆவணக் காப்பகத்துக்குள் போவார், கையுறை போட்ட ஒருவர் புத்தகத்தைத் திறப்பார், சரியான பக்கம் தயாராக இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் ஆய்வாளர்களின் நீண்ட உழைப்பு இருக்கிறது. ஒன்றும் கிடைக்காத பக்கங்களை யாரும் ஒளிபரப்புவதில்லை. புகழ்பெற்ற பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சனின் குடும்பத்தையும் அந்த நிகழ்ச்சிக்காக ஆராய்ந்து, சுவாரசியமில்லை என்று கைவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தச் செய்தி எனக்கு வருத்தத்தையே தருகிறது. திரைக்குச் சுவாரசியமில்லாத குடும்பம் வீட்டுக்குச் சுவாரசியமில்லாததாகிவிடாது. ஆனாலும் நம்மில் பலர் அந்தக் கண்ணோடுதான் தேடுகிறோம்: ஒரு ராஜா, ஒரு தளபதி, ஒரு துரோகம். முப்பது தலைமுறை பின்னால் போனால், தலைமுறைக்குத் தலைமுறை இரண்டு மடங்காகும் கணக்குப்படி ஒவ்வொருவருக்கும் 107 கோடி மூதாதையர் இடங்கள் வரும். அத்தனை தனித்தனி மனிதர்கள் இருந்திருக்க முடியாது, ஒரே ஆட்கள் பல இடங்களில் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ராஜா இருப்பது அதிசயமில்லை. உங்கள் பாட்டியின் அம்மா எப்படிச் சமாளித்தார் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் அரிது, அதைச் சொல்ல இன்னும் ஒருவர் உயிரோடு இருக்கிறார்.

ஆவணங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. பழைய மக்கள்தொகைக் கணக்குகளில் 30, 40, 45 என்று 0, 5இல் முடியும் வயதுகள் குவிந்து கிடக்கும், காரணம் மக்கள் தோராயமாகச் சொன்னது. நாட்காட்டியும் குழப்பும்: பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது பிரிட்டனில் 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14, ரஷ்யா அந்த மாற்றத்தைச் செய்தது 1918இல்தான். பதிவு கிடைக்கவில்லை என்றால் ஆளே இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922இல் தீக்கு இரையானது, அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921 தீ விபத்துக்குப் பிறகு இல்லாமல் போனது.

டிஎன்ஏ சோதனை செய்வதானால் முதலில் வீட்டாரிடம் பேசுங்கள். முடிவில் வரும், மூதாதையர் எந்தெந்த வட்டாரத்தவர் என்ற சதவீதங்கள் மதிப்பீடுகள்தான், ஒப்பிடும் மாதிரிகள் மாறினால் அவையும் மாறும். நெருங்கிய உறவைப் பற்றிய தகவல் அப்படி மாறாது. யாரோ அறுபது வருடம் மறைத்து வைத்ததை உங்கள் எச்சில் குப்பி ஒரே நாளில் சொல்லிவிடலாம்.

கேட்டதைக் கைவிடுவது

ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். "இதை மட்டும் எழுதாதே" என்று அவர் சொன்னால் எழுதக் கூடாது, உறவினர் குழுவிலும் போடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பதிவின் தொடக்கத்தில் தேதியையும் பேசுபவரின் பெயரையும் சொல்லுங்கள், கைபேசியில் மட்டும் வைக்காமல் வேறு இரண்டு இடங்களில் நகல் வையுங்கள். பழைய புகைப்படத்தின் பின்னால் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் படத்தில் தடம் விழும். மென்மையான பென்சில் நல்லது, வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் உறைமேல் எழுதுங்கள். "பாட்டி, தங்கையோடு" என்று எழுதாதீர்கள். முப்பது வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு அது யாருடைய பாட்டி என்று தெரியாது. முழுப் பெயர் வேண்டும்.

எழுதி முடித்ததை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. வாசிக்கும்போது "அது அப்படியில்லை, கேளு" என்று அவர் நிமிர்ந்து உட்காருவார், முதல் தடவை சொல்லாததைச் சொல்வார். அதனால் அன்றைக்கும் ஒலிப்பதிவை ஓட விட்டுவிட்டே வாசிக்கத் தொடங்குங்கள்.