‘ஸோ இட் கோஸ்’ வந்தால் பென்சிலை எடுங்கள்

கர்ட் வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ நாவலை முதல் தடவை படித்தபோது ‘ஸோ இட் கோஸ்’ (So it goes, ‘அப்படித்தான் போகிறது’) என்ற வாக்கியம் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும், நூறு தடவைக்கு மேல் வருகிறது. பாதிப் புத்தகம் போனதும் கண் தானாகவே அதைத் தாண்ட ஆரம்பித்துவிட்டது. தாண்டினால் நாவல் கைநழுவிவிடும்.

மறுபடி, கவுந்தப்பாடி வீட்டுத் திண்ணையில் பென்சிலோடு உட்கார்ந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்த வாக்கியம் வரும்போதெல்லாம், முந்திய வரியில் செத்தது யார், எது என்று ஓரத்தில் குறியுங்கள். என் பிரதியில் இப்படி இருக்கிறது: டாக்சிக்காரரின் அம்மா. லோத்தின் மனைவி. பேன். ஷாம்பெயின். டெர்பி.

பேன், போர்க்கைதிகளின் துணிகளுக்கு விஷவாயு காட்டும் இடத்தில் வருகிறது. ஷாம்பெயினில் நுரை செத்துப்போயிருக்கிறது. டெர்பி, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் எரிந்துபோன ஜெர்மன் நகரமான டிரெஸ்டனில் ஒரு தேநீர்க் கெண்டியை எடுத்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட ஆசிரியர். மூன்றுக்கும் ஒரே வாக்கியம்!

அடுத்து, சொல்வது யார் என்று பாருங்கள். அது நாவலில் வரும் டிரால்ஃபமடோர் என்ற கற்பனைக் கிரகவாசிகளின் பேச்சு. நாவலின் நாயகன் பில்லி பில்கிரிம் அதை எடுத்துச் சொல்கிறான். செத்தவர் இந்தக் கணத்தில்தான் சரியில்லை, மற்றக் கணங்களில் நன்றாகவே இருக்கிறார் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் வானகட், 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்தபோது போர்க்கைதியாக அங்கே இருந்தவர். நாவல் வந்தது 1969-இல். பைபிளில், எரியும் நகரைத் திரும்பிப் பார்த்து உப்புத் தூணான லோத்தின் மனைவியை, திரும்பிப் பார்த்ததற்காகவே தனக்குப் பிடிக்கும் என்கிறார். அந்தப் பத்தியை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். பில்லி தோளைக் குலுக்கும்போதெல்லாம் அங்கே போய் வாருங்கள்.

தமிழில் ‘எல்லாம் விதி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விதி என்றால் தலையில் எழுதியவன் ஒருவன் வந்துவிடுகிறான். இங்கே அவன் இல்லை. என் அமுச்சி (அம்மாவின் அம்மா), பால் திரிந்தாலும் ‘ஆச்சு’ என்பார். மாமா இறந்த அன்று, அழுது ஓய்ந்து வாசற்படியில் உட்கார்ந்தபோதும் அதே ‘ஆச்சு’தான். நான் ஓரத்தில் அதைத்தான் எழுதினேன்.

கடைசி அத்தியாயத்தில் ராபர்ட் கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், வியட்நாமின் அன்றாடப் பிணக்கணக்கு என்று வரிசையாக வரும். அங்கே வாய்விட்டுப் படியுங்கள். எனக்கு அது அமுச்சியின் குரலில் கேட்டது.